கருநிறத் தோலுக்கான அடித்தளப் பூச்சு

இக்கட்டுரை முக ஒப்பனைப் பொருள் பற்றியது. கட்டடங்களின் அடித்தளம் பற்றி அறிய, அடித்தளம் (கட்டுமானம்) பக்கத்தைப் பார்க்க.

அடித்தளப் பூச்சு அல்லது பவுண்டேசன் என்பது முகத்தோலின் நிறத்தைச் சீராகத் தோன்றச் செய்வதற்காக, பிற ஒப்பனைகளுக்கு முன்னதாகப் பூசப்படும் நிறமூட்டிய ஒப்பனைப் பொருள் ஆகும். தழும்பு, கரும்புள்ளி, கண்ணடிக் கருவளையம் ஆகியவற்றை மறைத்து, முகம் முழுவதையும் ஒரே நிறத்தில் காட்டுவது இதன் பணி. தோலை வெளுப்பாக்குவது இதன் பணி அன்று. எனவே பூசுபவரின் இயல்பான நிறத்துடன் பொருந்தும் பூச்சே சரியான பூச்சாகக் கொள்ளப்படுகின்றது.

இப்பொருட்களின் நிற வரிசைகள் நெடுங்காலம் வெளிர்நிறத் தோலை முன்னிறுத்தியே உருவாக்கப்பட்டன. இதனால் மாநிறமும் கருநிறமும் உடையோர் பொருத்தமற்ற பூச்சைப் பயன்படுத்தி, முகம் சாம்பல் பூத்ததுபோலத் தோன்றும் நிலைக்கு உள்ளாகின்றனர். இக்கட்டுரை இந்நிலைக்கான காரணத்தையும், கருநிறத் தோலுக்கு ஏற்ற பூச்சைத் தேர்ந்தெடுத்து ஒப்பிடும் முறைகளையும் விளக்குகின்றது.

நிறத்தைக் குறிக்கும் சொற்கள்

தமிழில் தோல் நிறத்தைக் குறிக்கக் கறுப்பு, மாநிறம், புதுநிறம், சிவப்பு முதலிய சொற்கள் வழங்குகின்றன. பேச்சு வழக்கில் "சிவப்பு" என்பது வெளிர்நிறத்தையே சுட்டும். ஒப்பனைப் பொருட்களின் நிற அட்டைகளிலோ சிவப்பு என்பது தோலின் அடியில் தென்படும் செஞ்சாயலைக் குறிக்கும். இவ்விரு பொருள்களையும் குழப்பிக்கொள்வது தவறான தேர்வுக்கு இட்டுச் செல்லும்.

சங்க இலக்கியங்களில் தலைவியின் இயல்பான நிறம் மாமை எனப் புகழப்படுகின்றது. இது மாந்தளிரின் நிறத்தை ஒத்தது என்பர். பிரிவுத் துயரால் அந்நிறம் மங்கி வெளிறுவது பசலை எனப்பட்டது. அதாவது, அப்பாடல்களில் வெளிறல் என்பது நலம் குன்றியதன் அடையாளமாகவே இடம்பெறுகின்றது.

தோல் நிறத்தின் அடிப்படை

தோலின் நிறத்தை முதன்மையாகத் தீர்மானிப்பது மெலனின் என்னும் நிறமி ஆகும். இதில் பழுப்பு-கருமை நிறமுடைய யூமெலனின், மஞ்சள்-செம்மை நிறமுடைய பியோமெலனின் என இருவகை உண்டு. மெலனினை உருவாக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை எல்லா மனிதரிடமும் ஏறத்தாழ ஒன்றே. அவை உருவாக்கும் நிறமித் துகள்களின் அளவும், அத்துகள்கள் பரவியிருக்கும் விதமும் மட்டுமே வேறுபடுகின்றன. குருதியிலுள்ள ஈமோகுளோபினின் செம்மையும், கரோட்டீனின் மஞ்சளும் இதனுடன் சேர்ந்து தோலுக்கு ஒரு சாயலைத் தருகின்றன. இது அடிச்சாயல் எனப்படும்.

அடிச்சாயல் பொதுவாக மூன்றாகப் பகுக்கப்படுகின்றது.

* வெம்மைச் சாயல்: மஞ்சள் அல்லது பொன்னிறம் தென்படுவது.
* குளிர்ச் சாயல்: செம்மை அல்லது நீலம் கலந்த செம்மை தென்படுவது.
* நடுநிலைச் சாயல்: இரண்டும் ஏறத்தாழச் சமமாக அமைவது.

இவற்றோடு, மஞ்சளில் சற்றுப் பச்சை கலந்ததுபோன்ற ஆலிவ் சாயலும் தனியே குறிப்பிடப்படுவதுண்டு. ஒரே அளவு கருமை உடைய இருவரின் அடிச்சாயல் வேறுபடலாம். ஆகவே "கறுப்பானவருக்கு இந்த எண்" என ஒரே பூச்சைப் பரிந்துரைப்பது பொருத்தமன்று.

சேர்பொருட்கள்

அடித்தளப் பூச்சு பெரும்பாலும் நீர், எண்ணெய் அல்லது சிலிக்கோன், பால்மமாக்கி, நிறமிகள், பதப்படுத்திகள் ஆகியவற்றின் கலவையாகும். இதன் நிறம் நான்கு கனிம நிறமிகளால் அமைகின்றது.

* டைட்டானியம் ஈராக்சைடு: வெண்மை
* மஞ்சள் இரும்பு ஆக்சைடு
* சிவப்பு இரும்பு ஆக்சைடு
* கறுப்பு இரும்பு ஆக்சைடு

சிவப்பு இரும்பு ஆக்சைடு வேதியியல் அமைப்பில் ஏமடைட்டு கனிமத்தை ஒத்தது. காவிக்கல்லின் செந்நிறத்துக்கும் இதுவே காரணம். கறுப்பு இரும்பு ஆக்சைடு மாக்னடைட்டு கனிமத்தை ஒத்தது. சேலத்தை அடுத்த கஞ்சமலையில் காணப்படும் இரும்புத் தாது இவ்வகையைச் சேர்ந்ததாகும். எனினும் ஒப்பனைக்குப் பயன்படும் ஆக்சைடுகள், நச்சு உலோகக் கலப்பைத் தவிர்க்கும் பொருட்டு, மண்ணிலிருந்து எடுக்கப்படாமல் ஆலைகளில் செயற்கையாகவே உருவாக்கப்படுகின்றன.

பொடி வகைகளில் டால்க் என்னும் கனிமமும் சேர்க்கப்படுவதுண்டு. கற்சட்டி செய்யப் பயன்படும் மாக்கல்லின் முதன்மைக் கனிமம் இதுவே.

சாம்பல் பூத்தல்

கருநிறத் தோலில் பூச்சு சாம்பல் நிறமாகத் தெரிவதற்கு முதன்மைக் காரணம் வெண்ணிற நிறமியின் மிகுதி ஆகும். டைட்டானியம் ஈராக்சைடின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.5 முதல் 2.7 வரை. அதைச் சூழ்ந்துள்ள எண்ணெய்களின் ஒளிவிலகல் எண் 1.4-க்கும் 1.5-க்கும் இடைப்பட்டது. இப்பெரிய வேறுபாட்டால் அத்துகள்கள் ஒளியை வலுவாகச் சிதறடிக்கின்றன. மிகச் சிறிய துகள்கள் நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கும். அடுப்புப் புகை, கரும் பின்னணியின் முன் நீலமாகத் தெரிவதும் இதனாலேயே. வெளிர்நிறத் தோலின் மீது இச்சிதறல் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கருநிறத் தோலின் மீதோ நீலம் கலந்த சாம்பல் திரையாகத் தெரியும்.

வெளிர்நிறப் பூச்சுடன் சிறிது கறுப்பு நிறமியை மட்டும் சேர்த்துக் "கருநிற" வகையை உருவாக்கினாலும் இதே குறை ஏற்படும். வெண்மையும் கருமையும் சேர்ந்தால் சாம்பல் நிறமே கிடைக்கும். கருநிறத் தோலுக்கான நல்ல பூச்சில் வெண்ணிறமி குறைவாகவும், சிவப்பு, மஞ்சள் இரும்பு ஆக்சைடுகள் கூடுதலாகவும் இருக்க வேண்டும்.

பொருத்தமான பூச்சின் மீது வெண்ணிற முகப்பவுடரை அப்புவதாலும் சாம்பல் பூக்கும். துத்தநாக ஆக்சைடோ டைட்டானியம் ஈராக்சைடோ மிகுந்த வெயில்காப்புக் களிம்பை அடியில் பூசினாலும் இவ்விளைவு உண்டு. இவற்றுக்கு மாற்றாக நிறமூட்டிய பவுடரையும் நிறமூட்டிய வெயில்காப்புக் களிம்பையும் பயன்படுத்தலாம்.

வரலாறு

தமிழ்நாட்டின் நிகழ்த்துகலைகளில் முகப்பூச்சு தொன்றுதொட்டு வழங்கி வருகின்றது. மேடை ஒப்பனையைக் குறிக்கும் அரிதாரம் என்னும் சொல், ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் நிறக் கனிமத்தின் பெயரிலிருந்து வந்தது. சேலம், நாமக்கல், தருமபுரி பகுதிகளில் ஆடப்படும் தெருக்கூத்தில் ஒப்பனை பாத்திரத்தின் இயல்பைக் காட்டுவதற்காகவே போடப்படுகின்றது. ஆகவே கலைஞரின் சொந்த நிறத்துடன் அது பொருந்தவேண்டும் என்ற தேவை அங்கு எழுவதில்லை.

இயல்பு நிறத்தை ஒத்த பூச்சின் தேவை திரைப்படத்துடன் வந்தது. 1930களின் இறுதியில் அமெரிக்காவில் மேக்சு ஃபேக்டர் நிறுவனம் "பான்கேக்" என்னும் பூச்சை அறிமுகப்படுத்தியது. சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் பணியாற்றிய எழுத்தாளர் அசோகமித்திரன், அங்கு இப்பூச்சு பெருமளவில் வாங்கிப் பயன்படுத்தப்பட்டதைத் தம் ஆங்கில நினைவுக்குறிப்பு நூலில் பதிவு செய்துள்ளார். கறுப்பு-வெள்ளைப் படங்களில் நிறம் பதிவாவதில்லை. ஆதலால் எவ்வளவு அடர்த்தியான பூச்சும் ஒளி-நிழல் வேறுபாடாக மட்டுமே திரையில் தெரிந்தது.

வண்ணப்படங்களில் அடிச்சாயலும் பதிவாகத் தொடங்கியது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான அலிபாபாவும் 40 திருடர்களும் 1956 ஆம் ஆண்டில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தால் கேவாகலரில் எடுக்கப்பட்டது. அந்நிறுவனத்தை நிறுவிய டி. ஆர். சுந்தரம், இன்றைய நாமக்கல் மாவட்டத்திலுள்ள திருச்செங்கோட்டைச் சேர்ந்தவர்.

வணிக அளவில் கருநிறத் தோலுக்கான பூச்சுகள் அமெரிக்காவில் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்களை முன்னிட்டே முதலில் வளர்ந்தன. 1973 ஆம் ஆண்டில் யூனிசு ஜான்சன் ஃபேஷன் ஃபேர் என்னும் ஒப்பனைப்பொருள் வரிசையைத் தொடங்கினார். 1994 ஆம் ஆண்டில் சோமாலியாவில் பிறந்த விளம்பர நடிகை இமான் தம் பெயரில் ஒரு வரிசையை வெளியிட்டார். 2017 செப்டம்பரில் பாடகி ரியானாவின் ஃபென்டி பியூட்டி நிறுவனம் ஒரே நேரத்தில் 40 நிறங்களில் பூச்சை வெளியிட்டது. இதன் பின்னர் பிற நிறுவனங்களும் தம் நிற வரிசைகளை விரிவாக்கின.

இந்தியாவில் 1952 ஆம் ஆண்டில் டாட்டா குழுமத்தால் லாக்மே நிறுவனம் தொடங்கப்பட்டது. 1975 ஆம் ஆண்டில் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ஃபேர் அண்டு லவ்லி என்னும் வெளுப்புக் களிம்பை அறிமுகப்படுத்தியது. இதன் பெயர் 2020 ஆம் ஆண்டில் குளோ அண்டு லவ்லி என மாற்றப்பட்டது.

நிறத்தை அளவிடும் முறைகள்

தோல் நிறத்தை வகைப்படுத்தப் பல அளவுகோல்கள் உள்ளன. 1975 ஆம் ஆண்டில் தாமசு ஃபிட்சுபாட்ரிக் உருவாக்கிய அளவுகோல், வெயிலுக்குத் தோல் எவ்வாறு எதிர்வினை புரிகின்றது என்பதை அடிப்படையாகக் கொண்டது. தொடக்கத்தில் வெண்ணிறத் தோலை மட்டுமே கருதிய இதில், பழுப்பு, கருநிறத் தோல்களுக்கான 5, 6 ஆம் வகைகள் பின்னரே சேர்க்கப்பட்டன. சமூகவியலாளர் எல்லிசு மங்க் உருவாக்கிய 10 நிறப் படிகள் கொண்ட அளவுகோலைக் கூகுள் நிறுவனம் 2022 ஆம் ஆண்டில் வெளியிட்டது. இவ்விரண்டும் அடிச்சாயலை அளவிடுவதில்லை.

ஆய்வகங்களில் நிறம் மூன்று எண்களால் குறிக்கப்படுகின்றது. எல் என்பது வெளிச்ச அளவு (0 கருமை, 100 வெண்மை). ஏ என்பது பச்சை-செம்மை அளவு. பி என்பது நீலம்-மஞ்சள் அளவு. இரு நிறங்களுக்கிடையே உள்ள தொலைவு, இம்மூன்று எண்களின் வேறுபாடுகளை வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் காண்பதால் கிடைக்கும். இத்தொலைவு ஏறத்தாழ 2-க்கு மேற்பட்டால் கண்ணுக்கு வேறுபாடு தெரியத் தொடங்கும்.

எடுத்துக்காட்டாக, ஒருவரின் தோல் நிறம் எல் 40, ஏ 12, பி 16 எனக் கொள்வோம்.

* முதல் பூச்சு: எல் 42, ஏ 12, பி 17. வேறுபாடுகள் 2, 0, 1. தொலைவு 2.2.
* இரண்டாம் பூச்சு: எல் 40, ஏ 8, பி 10. வேறுபாடுகள் 0, 4, 6. தொலைவு 7.2.

இரண்டாம் பூச்சு கருமையில் தோலுடன் முற்றிலும் ஒத்திருந்தும், செம்மையும் மஞ்சளும் குறைவாக உள்ளதால் சாம்பலாகத் தெரியும். முதல் பூச்சு சற்றே வெளிர்ந்திருந்தும் பொருந்துகின்றது. அடிச்சாயல் பிழையானால், கருமையின் அளவு சரியாக இருந்தும் பயனில்லை என்பதை இக்கணக்கு காட்டுகின்றது.

தேர்ந்தெடுக்கும் முறை

கருவிகள் இன்றியும் கீழ்க்கண்ட முறையில் பொருத்தமான பூச்சைத் தேர்ந்தெடுக்கலாம்.

1. முகத்தைக் கழுவித் துடைத்துக் கால்மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும். மஞ்சள் பூசிக் குளித்த நாளிலும் வெயிலில் அலைந்து வந்தவுடனும் நிறம் பார்த்தல் கூடாது.
2. நெருங்கிய மூன்று நிறங்களை எடுத்துத் தாடையின் ஓரத்தில் கழுத்துவரை மூன்று கோடுகளாகத் தீட்ட வேண்டும். புறங்கையிலோ மணிக்கட்டிலோ பார்ப்பது சரியன்று. கையின் நிறம் முகத்தின் நிறத்துடன் பெரும்பாலும் ஒத்திராது.
3. அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். நீர்மம் ஆவியாவதாலும், தோலின் எண்ணெய் நிறமியுடன் கலப்பதாலும் பூச்சு சற்றுக் கருமையாக மாறக்கூடும்.
4. கடைக்கு வெளியே வந்து, நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில் கண்ணாடியில் பார்க்க வேண்டும். எந்தக் கோடு தோலுடன் கலந்து மறைகின்றதோ அதுவே உரிய நிறம்.
5. திருமண மண்டபம் போன்ற இடங்களுக்கு எனில், அங்குள்ளதை ஒத்த விளக்கொளியிலும் பார்க்க வேண்டும். ஓர் ஒளியில் ஒன்றாகத் தெரியும் இரு நிறங்கள் வேறோர் ஒளியில் வேறுபடலாம். இது நிறவியலில் மெட்டாமெரிசம் எனப்படுகின்றது.
6. ஒளிப்படம் எடுக்கப்படும் நிகழ்ச்சியாயின், மின்வெட்டொளியுடன் ஒரு படம் எடுத்துப் பார்த்தல் நன்று. சிலிக்கா, டைட்டானியம் ஈராக்சைடு மிகுந்த பூச்சுகளும் பவுடர்களும் அவ்வொளியைத் திருப்பியனுப்பி முகத்தை வெண்மையாகக் காட்டும்.

கருநிறத் தோலுடைய பலருக்கு நெற்றியும் வாயைச் சுற்றிய பகுதியும் கன்னத்தைவிடக் கருமையாக இருக்கும். இத்தகையோர் கன்னத்துக்கு ஒரு நிறமும் நெற்றிக்கு அதனினும் ஒரு படி கரிய நிறமும் பயன்படுத்தலாம். கண்ணடிக் கருவளையத்தை வெளிர்நிறப் பூச்சால் மறைக்க முயன்றால் அது சாம்பலாகும். முதலில் செம்மஞ்சள் நிறத் திருத்தியை மெல்லத் தடவி, அதன் மீது பூச்சை இடுவதே முறை.

கடைகளில் நிறங்கள் ஐவரி, பெய்ஜ், ஹனி, அல்மண்ட், கேரமல், மோக்கா முதலிய பெயர்களாலும் எண்களாலும் குறிக்கப்படுகின்றன. இவை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். 1984 ஆம் ஆண்டில் கனடாவில் தொடங்கப்பட்ட மேக் நிறுவனத்தின் குறியீட்டில் என்.சி. என்பது பொன்மஞ்சள் சாயலுடையோருக்கும், என்.டபிள்யூ. என்பது செஞ்சாயலுடையோருக்கும் உரியது. பிற நிறுவனங்களில் "குளிர்", "வெம்மை" எனும் சொற்கள் இதற்கு நேர்மாறாக வழங்குவதால் கவனம் தேவை.

சேந்தமங்கலம் போன்ற சிற்றூர்களின் பேன்சி கடைகளில் எல்லா நிறங்களும் இருப்பில் இருப்பதில்லை. அத்தகைய நிலையில், தம் நிறத்தைவிடச் சற்று வெளிர்ந்த ஒன்றையும் சற்றுக் கரிய ஒன்றையும் சிறு அளவில் வாங்கி, வேண்டிய விகிதத்தில் கலந்துகொள்ளலாம். இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாக இருத்தல் நலம். சிலிக்கோன் அடிப்படையிலான பூச்சும் நீர் அடிப்படையிலான பூச்சும் கலந்தால் திரிந்துபோகும். பொருத்தமான நிறம் கிடைக்காதபோது வெளிர்ந்ததை வாங்குவதைவிட, சற்றுக் கரியதை மெல்லியதாகப் பூசுவது இயல்பாகத் தோன்றும்.

வகைகளின் ஒப்பீடு

* நீர்ம வகை: மெல்லியது முதல் நடுத்தரம் வரை மறைக்கும். பல நிறங்களில் கிடைக்கும். எண்ணெய்ப் பசையுள்ள தோலுக்கு எண்ணெய் நீக்கிய வகை ஏற்றது.
* குழைம வகை: நன்கு மறைக்கும். வறண்ட தோலுக்கு ஏற்றது. கோடையில் வழியக்கூடும்.
* குச்சி வகை: மிகுதியாக மறைக்கும். மேடை, திருமண ஒப்பனைகளில் பெரிதும் பயன்படுகின்றது. தடிமனாகப் பூசினால் முகமூடி போலத் தெரியும்.
* பொடி வகை: எளிதில் பூசலாம். வியர்வையில் திட்டுத்திட்டாகும். வெண்ணிறமி அல்லது டால்க் மிகுந்தால் சாம்பல் பூக்கும்.
* பிபி கிரீம்: மெல்லிய நிறமூட்டிய களிம்பு. பெரும்பாலும் சில நிறங்களில் மட்டுமே கிடைப்பதால் கருநிறத் தோலுக்குப் பொருந்துவது அரிது.

சேலம், நாமக்கல் சமவெளிகளில் கோடை வெப்பம் மிகுதி. அக்காலத்தில் நீர்ம வகையை மெல்லிய இரு படலங்களாக இடைவெளி விட்டுப் பூசுவது, ஒரே தடித்த படலமாகப் பூசுவதைவிட நீடித்து நிற்கும்.

விலையை ஒப்பிடுதல்

புட்டியின் விலையை அல்லாமல் ஒரு மில்லிலீட்டரின் விலையை ஒப்பிடுவதே வழக்கமான பரிந்துரை. எடுத்துக்காட்டாக, 30 மில்லிலீட்டர் 600 ரூபாய் எனில் ஒரு மில்லிலீட்டர் 20 ரூபாய். 15 மில்லிலீட்டர் 375 ரூபாய் எனில் 25 ரூபாய். முதலாவது மலிவாகத் தோன்றும். ஆனால் ஒருவர் ஆண்டுக்குப் பத்து முறை மட்டும், முறைக்கு அரை மில்லிலீட்டர் வீதம் பயன்படுத்தினால் செலவாவது 5 மில்லிலீட்டரே. திறந்த புட்டி ஓராண்டில் வீணாகுமாயின், ஒரு முறைக்கான உண்மைச் செலவு முதலாவதில் 60 ரூபாய், இரண்டாவதில் 37 ரூபாய் 50 காசு. திறந்த பின் எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பது பல புட்டிகளில் திறந்த சிமிழின் படத்துடன் எண்ணாகக் குறிக்கப்பட்டிருக்கும்.

பாதுகாப்பும் சட்டமும்

இந்தியாவில் ஒப்பனைப் பொருட்கள் 1940 ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருட்கள் சட்டத்தாலும், 2020 ஆம் ஆண்டின் அழகுப்பொருட்கள் விதிகளாலும் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. நிறமூட்டுவதற்காக ஈயம், ஆர்சனிக் சேர்மங்களைப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டுள்ளது. தயாரிப்பாளர் பெயர், உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை இல்லாத பொருளை வாங்குதல் கூடாது.

பூச்சை வெளுப்புக் களிம்புகளுடன் கலந்து பூசும் பழக்கம் தீங்கானது. சட்டத்துக்குப் புறம்பாக விற்கப்படும் சில வெளுப்புக் களிம்புகளில் பாதரசம் உள்ளது. இது தோல்வழி உட்சென்று சிறுநீரகத்தைப் பாதிக்கும். மருத்துவரின் சீட்டின்றி வாங்கப்படும் சுடீராய்டு களிம்புகள் தோலை மெலியச் செய்யும்.

கருநிறத் தோலில் பரு, ஒவ்வாமை, காயம் ஆகியவை ஆறிய பின்னரும் கருந்தழும்பு நெடுநாள் நிலைக்கும். எனவே புதிய பூச்சைக் காதின் பின்புறமோ முழங்கையின் உட்புறமோ சிறிது தடவி, இரண்டு நாட்கள் கவனித்த பின்னரே முகத்தில் பூச வேண்டும். இரவில் பூச்சை முழுமையாக அகற்றுதல் இன்றியமையாதது.

கட்புலனாகும் ஒளியும் கருநிறத் தோலில் கருந்திட்டுகளை உண்டாக்கவல்லது. இரும்பு ஆக்சைடு கலந்த பூச்சு அதனை ஓரளவு தடுக்கும். எனினும் பூச்சில் குறிக்கப்பட்ட வெயில்காப்பு எண்ணை மட்டும் நம்புதல் கூடாது. அவ்வெண் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளவிடப்படுவது. நடைமுறையில் எவரும் அவ்வளவு பூசுவதில்லை.

சமூகப் பின்னணி

நிற அட்டையின் கரிய முனை நெடுங்காலம் வெறுமையாக இருந்ததற்கு வேதியியல் காரணம் எதுவும் இல்லை. தேவையான நிறமிகள் மலிவானவை, எளிதில் கிடைப்பவை. வெளுப்பே அழகு என்ற கருத்தும், அதை வலியுறுத்திய விளம்பரங்களும், கருநிறப் பூச்சுக்குச் சந்தை இல்லை என்ற எண்ணத்தை வளர்த்தன. சென்னையைச் சேர்ந்த விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009 ஆம் ஆண்டில் "கருமை அழகு" எனப் பொருள்படும் பரப்புரையைத் தொடங்கியது. நடிகை நந்திதா தாசு 2013 ஆம் ஆண்டில் இதற்கு ஆதரவு தெரிவித்தார். 2014 ஆம் ஆண்டில் இந்திய விளம்பரத் தர மன்றம், தோல் நிறத்தைக் காட்டி ஒருவரைத் தாழ்வாகச் சித்தரிக்கும் விளம்பரங்களுக்கு எதிராக நெறிமுறைகளை வெளியிட்டது.

திருமண ஒப்பனையில் மணமகளை இரண்டு மூன்று படி வெளுப்பாகக் காட்டும் வழக்கம் இன்றும் பல இடங்களில் உண்டு. இவ்வாறு செய்யும்போது முகம் ஒரு நிறமாகவும் கழுத்தும் கைகளும் வேறொரு நிறமாகவும் ஒளிப்படத்தில் பதிவாகின்றன. ஒப்பனைக்கு முன்பே "என் நிறத்திலேயே போடவும்" எனத் தெளிவாகக் கூறுவதும், தாடையில் நிறம் பார்த்த பின்னரே தொடங்கக் கோருவதும் இதனைத் தவிர்க்கும்.

இவற்றையும் பார்க்க

* மெலனின்
* அரிதாரம்
* தெருக்கூத்து
* மாடர்ன் தியேட்டர்ஸ்
* டைட்டானியம் ஈராக்சைடு
* நிறவியல்
* மாமை